டஸ்கனி மலைக்கிராமங்களில் 6 நாள் ரோடு சைக்கிள்: நாளுக்கு 100 கி.மீ. சரிப்படுமா?

ஒற்றைச்செயின்:
வணக்கம். மே இரண்டாவது வாரம் நானும் தம்பியும் இத்தாலி போகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. 6 நாளும் சைக்கிள் மட்டும்தான். ஃப்ளாரன்ஸில் கிளம்பி கியாந்தி குன்றுப் பகுதி வழியாக சியேனா, அங்கிருந்து தெற்கே மொந்தால்சீனோ, பியென்சா, ராதிகோஃபானி வரை போய்விட்டு மறுபடி சியேனா வந்து ரயில் ஏறுவதாகத் திட்டம். நாளுக்கு 100, மொத்தம் 600 கி.மீ.

நாங்கள் கோவைக்காரர்கள். ஞாயிறு காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குக் காலை ஊன்றாமல் ஏறிவிடுவோம். வரைபடத்தைப் பார்த்தால் டஸ்கனியில் நாங்கள் குறித்த ஊர்கள் எல்லாம் 600 மீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கின்றன, ராதிகோஃபானி மட்டும் 800 பக்கம் வருகிறது. அதனால் 100 சுலபம் என்பது என் கட்சி. தம்பி தலையை ஆட்டுகிறான். என் சைக்கிளில் பல்சக்கரம் முன்னால் 52/36 பல், பின்னால் 11-28 பல், டயர் 25 மி.மீ. இதையே பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மெதுமிதி:
தம்பி பேச்சைக் கேளுங்கள். நான் 9 வருடமாக ஃப்ளாரன்ஸுக்குத் தெற்கே குடியிருக்கிறேன், வாரம் இரண்டு நாளாவது இந்தச் சாலைகளில்தான் மிதிக்கிறேன்.

கோத்தகிரி ஒரே ஏற்றம். உடம்பு ஒரு தாளத்தைப் பிடித்துக்கொள்ளும், மேலே போய் டீ குடித்துவிட்டு இறங்கிவிடலாம். இங்கே அப்படி ஒரு மலை கிடையாது. 3 கி.மீ. ஏறுவீர்கள், 2 கி.மீ. இறங்குவீர்கள், ஒரு ஓடையைத் தாண்டியதும் திருப்பத்திலேயே 12 சதவீத ஏற்றம் ஆரம்பித்துவிடும். மூச்சு ஆறுவதற்குள் அடுத்தது. உயரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டதுதான் தப்பு. ஊர் 500 மீட்டரில் இருக்கிறது, அடுத்த ஊரும் 500 மீட்டரில் இருக்கிறது, ஆனால் நடுவில் 250 வரைக்கும் இறங்கி ஏற வேண்டும். ஒரு நாளில் இப்படி நாலு தடவை வந்தால் 1,000 மீட்டர் ஆகிவிட்டது.

ஊர்களெல்லாம் ஏன் குன்றின் உச்சியில் இருக்கின்றன என்றால், முதல் காரணம் பாதுகாப்பு. சியேனாவும் ஃப்ளாரன்ஸும் நூற்றாண்டுக் கணக்கில் அடித்துக்கொண்ட பூமி இது. இன்னொரு காரணம் மலேரியா. கியானா பள்ளத்தாக்கு பெரிய சதுப்பு நிலமாகவே கிடந்தது, அதை வடித்து வயலாக்கவே பல தலைமுறை பிடித்தது. சனங்கள் மேலே காற்றுக்குப் போனார்கள். அதனால் இங்கே உங்கள் கட்டில் எப்போதும் மேலேதான் இருக்கும். நாள் முழுக்க மிதித்துக் களைத்த பிறகு, சாயங்காலம் தங்குமிடத்துக்குப் போக ஒரு கடைசி ஏற்றம் கட்டாயம் உண்டு. இதை மனதில் வைத்து நாள் கணக்கைப் போடுங்கள்.

50, மிஞ்சினால் 60. அதற்கு மேல் வேண்டாம்.

ஏறுமுகம்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2023ல் நானும் இரண்டு பேரும் நாளுக்கு 110 வரை போனோம். காலை 7 மணிக்குக் கிளம்பினால் 2 மணிக்குள் முடிந்துவிடும். பயிற்சி இருக்கிறவர்களைப் பயமுறுத்த வேண்டாம் அண்ணா. இவ்வளவு தூரம் விமானச் செலவு செய்து போய்விட்டு 50 கி.மீ. மட்டும் ஓட்டினால் மனது ஆறுமா?

மெதுமிதி:
ஓட்ட முடியாது என்று நான் சொல்லவே இல்லை. நீங்கள் ஓட்டியிருக்கிறீர்கள், பாராட்டுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். பியென்சாவில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள்?

ஏறுமுகம்:
தண்ணீர் பிடிக்க நின்றோம். 10 நிமிடம் இருக்கும்.

மெதுமிதி:
அதைத்தான் சொல்ல வருகிறேன். பியென்சா, கோர்சிஞானோ என்ற பெயரில் சின்னக் கிராமமாக இருந்தது. அங்கே பிறந்தவர் போப் இரண்டாம் பியூஸ் ஆனதும், 1459ல் பெர்னார்தோ ரோஸ்ஸெல்லீனோ என்ற கட்டடக் கலைஞரை வரவழைத்துத் தான் பிறந்த ஊரையே புதிதாகக் கட்டச் சொன்னார். சதுக்கம், தேவாலயம், அரண்மனை எல்லாம் சில வருடத்தில் எழுந்தன. ஊருக்கும் அவர் பெயரே வந்துவிட்டது. தேவாலயத்தின் பின்பக்கம் மதிலை ஒட்டி ஒரு நடைபாதை இருக்கிறது. அங்கே நின்றால் ஓர்ச்சா பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்து கிடக்கும், எதிரே 1,738 மீட்டர் உயர அமியாத்தா மலை. நீங்கள் காலையிலிருந்து ஓட்டி வந்த சாலை ஒரு வெள்ளை நூல் மாதிரி தெரியும். அரை மணி நேரமாவது அங்கே சும்மா உட்கார வேண்டும். மிதித்து வந்த தூரத்தைக் கண்ணால் திரும்பிப் பார்க்கிற அந்த சுகத்துக்காகத்தான் நான் இந்த ஊரை விட்டுப் போகாமல் இருக்கிறேன்.

மிதிக்காரி:
அண்ணா சொல்வது என் அனுபவத்திலும் உண்மை. போன வருடம் நானும் கணவரும் போனோம், அவர் ரோடு சைக்கிள், நான் மின்சார சைக்கிள். அவருக்கு ஈடு கொடுக்க எனக்கு அதுதான் வழி, ஏற்றத்தில் இருவரும் பேசிக்கொண்டே போனோம். ஐரோப்பிய விதிப்படி 25 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் மோட்டார் நின்றுவிடும், இறக்கத்தில் அது வெறும் கனமான சைக்கிள்தான். அதனால் பிரேக் நன்றாக இருக்க வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்குக் கிடைத்த வாடகைக் கடை (பெயர் வேண்டாம்) பிரேக் பேட் தேய்ந்த சைக்கிளைக் கொடுத்துவிட்டது. கடை வாசல் சமதளம், ஒன்றும் தெரியவில்லை. மொந்தால்சீனோவிலிருந்து இறங்கும்போது இரண்டாவது வளைவில் லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, வளைவுக்கு வெளியே புல் மேடு இருந்தது, அதில் ஏற்றி நிறுத்தினேன். கை நடுக்கம் அடங்கவே கால் மணி நேரம் ஆயிற்று. வாடகைக்கு எடுத்தால் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், பேட் எவ்வளவு மீதி இருக்கிறது என்று குனிந்து பாருங்கள், மாற்றித் தரச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். பெடலும் சீட்டும் உங்களுடையதையே எடுத்துக்கொண்டு போவது நல்லது.

கப்பிச்சாலை:
கியர் பற்றி யாரும் சொல்லவில்லையே. 36/28ல், அதாவது முன்னால் 36 பல், பின்னால் 28 பல் வைத்து, நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு சுமார் 9.7 கி.மீ. வரும். 34/34 வைத்தால் அதே 60 சுற்றில் 7.5தான். 15 சதவீத ஏற்றத்தில் இது பெரிய வித்தியாசம். ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ என்றால், புவியீர்ப்பை எதிர்த்து ஏற மட்டுமே முதலாவதற்கு 315 வாட்ஸ் வேண்டும், இரண்டாவதற்கு 245 போதும். ஒரு நாள் என்றால் சமாளிக்கலாம். நாலாவது நாள் முழங்கால் கேட்காது. உங்கள் சைக்கிளையே கொண்டுபோவதானால் பின் கேசட்டை (பல்சக்கர அடுக்கை) மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். செயினை மாற்றும் டிரெய்லியர் 34 பல்லை எடுக்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் டயர். 25 போதாது. உங்கள் திட்டத்தில் வெள்ளைச் சாலைகளே காணோம். ஸ்த்ராதே பியாங்கே என்பார்கள், தார் போடாத வெண்கப்பிச் சாலை. அதில் ஒன்றாவது ஓட்டாமல் திரும்பினால் பாதி டஸ்கனியைத்தான் பார்த்ததாக அர்த்தம்.

ஒற்றைச்செயின்:
கப்பிச் சாலையில் ரோடு சைக்கிளா? பஞ்சர் ஆகாதா? பந்தயம் நடக்கிறது என்று தெரியும், ஆனால் அவர்களுக்குப் பின்னால் கார் வருகிறது.

கப்பிச்சாலை:
32 போட்டால் போதும், ஃப்ரேமில் இடமில்லை என்றால் 28. காற்றைக் குறையுங்கள், 70 கிலோ ஆளுக்கு 32 டயரில் 50-55 பிஎஸ்ஐ தாராளம். இரண்டு ட்யூப், ஒரு பம்ப், டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு துண்டு பழைய டயர்.

ஓட்டும் விதம் கொஞ்சம் வேறு. செங்குத்தாக இருந்தால் எழுந்து நின்று மிதிக்காதீர்கள், பின்சக்கரத்தில் பாரம் குறைந்து வழுக்கும். உட்கார்ந்தே, கியரை ஒன்று கனமாக வைத்து, நிதானமாக. இறக்கத்தில் கைப்பிடியை இறுக்காதீர்கள், முழங்கையைத் தளர விடுங்கள், சைக்கிள் அதுவாக வழி பார்த்துக்கொள்ளும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொடவே கூடாது. கார் போய்ப் போய் சாலை அலை அலையாக வரிந்திருக்கும், ஓரத்தில் விரற்கடை அளவுக்கு வழவழப்பான தடம் ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை.

மழை பெய்தால் மட்டும் சியேனாவுக்குத் தென்கிழக்கே க்ரேதே செனேசி பக்கம் வெள்ளைச் சாலைக்குள் நுழையாதீர்கள். அது களிமண் பூமி. சக்கரத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. இத்தாலியின் பெரிய சைக்கிள் பந்தயமான ஜீரோ தித்தாலியாவில், 2010ல் மொந்தால்சீனோவில் முடிந்த கட்டம் மழையில் நடந்தது, யார் யார் என்று அடையாளம் தெரியாத அளவுக்கு எல்லோர் மேலும் சேறு. உலக சாம்பியன் சட்டையில் வந்த கேடல் எவான்ஸ் ஜெயித்தார், அந்தச் சட்டையின் நிறமே தெரியவில்லை. கியாந்தி பக்கம் கல் அதிகம், தண்ணீர் வடிந்துவிடும், அங்கே பரவாயில்லை.

பழையஃப்ரேம்:
வெள்ளைச் சாலை பேச்சு வந்தால் எரோயிகாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தாருக்குள் போய்க்கொண்டிருந்த காலத்தில், காயோலே இன் கியாந்தி ஊர்க்காரர் ஜியான்கார்லோ ப்ரோச்சி 1997ல் ஒரு சவாரியைத் தொடங்கினார். பழைய சைக்கிள், பழைய சட்டை, பழைய சாலை. முதல் வருடம் வந்தது 92 பேர். இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். 1987க்கு முன்னால் செய்த சைக்கிளாக இருக்க வேண்டும், கியர் லீவர் ஃப்ரேமின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும், பெடலில் தோல்வார், பிரேக் கம்பி ஹேண்டில்பாருக்கு வெளியே தெரிய வேண்டும். அந்தச் சவாரியிலிருந்து பிறந்ததுதான் 2007ல் தொடங்கிய ஸ்த்ராதே பியாங்கே தொழில்முறைப் பந்தயம், இப்போது மார்ச் மாதம் நடக்கிறது. சைக்கிள்காரர்கள் ஒரு சாலையைக் காப்பாற்றினார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள நமக்கு இருக்கிற சில கதைகளில் இது ஒன்று.

209 கி.மீ. எரோயிகா வழி முழுக்க நிரந்தர வழிகாட்டிப் பலகைகள் உண்டு, எந்த மாதமும் ஓட்டலாம். ப்ரோலியோ கோட்டைக்குக் கீழே கப்பியில் ஏறும் துண்டு, இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரம். விடியற்காலையில் போங்கள்.

மெதுமிதி:
ஃப்ளாரன்ஸிலிருந்து கிளம்பும்போது ஒன்று. கியாந்திஜானா சாலை நகரை விட்டு வெளியேறும் இடத்திலேயே பொந்தே ஆ ஏமா வருகிறது. ஜீனோ பார்த்தாலி 1914ல் பிறந்த ஊர். டூர் தெ ஃப்ரான்ஸை 1938லும், இடையில் போர் வந்து போனபின் 1948லும் ஜெயித்தவர். அந்தப் பத்து வருட இடைவெளியில் அவர் செய்ததுதான் பெரிது. 1943, 44ல் ஜெர்மானியர் பிடியில் நாடு இருந்தபோது, பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்லி ஃப்ளாரன்ஸுக்கும் அசிசிக்கும் நடுவே ஓட்டினார். யூதர்களைக் காப்பாற்றப் போலி அடையாள அட்டைகளுக்கான தாள்களும் படங்களும் சைக்கிள் குழாய்க்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. போருக்குப் பிறகும் அதைப் பற்றி வெளியே பேசுவதை அவர் தவிர்த்தே வந்தார். 2000ல் இறந்தார். 2013ல் இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவகமான யாத் வாஷெம் அவரைக் கௌரவித்தது. அங்கே அவர் பெயரில் சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது, திறந்திருக்கும் நாளை முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் முதல் அரை மணி நேரத்தை அங்கே கொடுங்கள்.

ஒற்றைச்செயின்:
படிக்கப் படிக்க என் கணக்கு ஆட்டம் கண்டுவிட்டது. சரி, 100ஐ விட்டுவிட்டேன். தம்பிக்கு இந்த இழையைக் காட்டினேன், அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ராதிகோஃபானியையும் வெட்டிவிடலாமா?

மெதுமிதி:
வெட்டுங்கள். அந்தக் கோட்டைக் கோபுரம் எப்படியும் இரண்டு நாள் உங்கள் கண்ணிலேயே இருக்கும். நான் போடுவதானால் இப்படி. முதல் நாள் க்ரேவே, பன்ட்சானோ வழியாக ராத்தா. அடுத்த நாள் காயோலே, ப்ரோலியோ, சியேனா. மூன்றாவது நாள் சியேனாவிலிருந்து ஆஷானோவுக்கு லவுரெத்தானா சாலை. இதை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள், குன்றுகளின் முதுகுத்தண்டு மேலேயே போகிற சாலை, நிழல் கிடையாது, மே மாதம் பச்சைக் கோதுமை. அங்கிருந்து மொந்தே ஒலிவேத்தோ மடத்துக்கு ஏறி, மறுபக்கம் இறங்கினால் புவோன்கொன்வேந்தோ. வழியில் தங்குகிற ஊர்களில் அது ஒன்றுதான் பள்ளத்தில் இருக்கிறது, செங்கல் மதிலுக்குள். 1313ல் புனித ரோமப் பேரரசர் ஏழாம் ஹென்றி இறந்துபோனது அங்கேதான். நாலாவது நாள் மொந்தால்சீனோ, சான் குவீரிகோ. ஐந்தாவது நாள் பை எல்லாவற்றையும் அறையில் வைத்துவிட்டு பியென்சாவும் பாஞ்ஞோ விஞ்ஞோனியும். ஆறாவது நாள் புவோன்கொன்வேந்தோ வந்து ரயில். சைக்கிள் படம் போட்ட பிராந்திய ரயிலில் அப்படியே ஏற்றலாம், சைக்கிளுக்கு 3.50 யூரோ தனி டிக்கெட். அதிவேக ரயிலில் பைக்குள் போட்டால்தான் விடுவார்கள்.

காசியா நெடுஞ்சாலையில் லாரி அதிகம், எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். ஃப்ளாரன்ஸ்-சியேனா விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை, ஃபோன் காட்டினாலும் போகாதீர்கள். ஊருக்கு வெளியே ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட்ட வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் போகக் கூடாது. 2024 கடைசியில் வந்த திருத்தப்படி சாலை இடம் கொடுக்கும்போது கார்கள் ஒன்றரை மீட்டர் விலகித் தாண்ட வேண்டும், பெரும்பாலும் செய்கிறார்கள்.

மிதிக்காரி:
சாப்பாடும் தண்ணீரும். மதியம் 1 மணிக்கு மேல் சின்ன ஊர்களில் மளிகைக் கடை அடைத்துவிடுவார்கள், 4 மணிக்கு மேல்தான் திறக்கும். முன்னாலேயே ரொட்டி, பெகொரீனோ சீஸ், பழம் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். அங்கே பார் என்றால் காபிக் கடை, கவுண்டரில் நின்றே குடித்தால் விலை குறைவு. தண்ணீருக்கு ஒரு வழி சொல்கிறேன், அங்கத்திய சைக்கிள்காரர் ஒருவர் காட்டியது: எந்தக் கிராமத்திலும் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும், பூவுக்கு ஊற்ற. நல்ல தண்ணீர் இல்லை என்றால் பலகை போட்டிருப்பார்கள், படித்துவிட்டுப் பிடியுங்கள்.

ஒற்றைச்செயின்:
*(ஜூன்)*
திரும்பிவிட்டோம். எல்லோருக்கும் பதில் எழுத வேண்டும் என்று 2 வாரமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

6 நாளில் மொத்தம் 284 கி.மீ., ஏற்றம் 5,200 மீட்டர். வாடகை சைக்கிள், 34/34, டயர் 32. பேட் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது, கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். மிதிக்காரி அக்காவுக்கு நன்றி.

முதல் நாள் பன்ட்சானோ ஏற்றத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. 52 கி.மீ.தான், ராத்தாவில் இறங்கியபோது தொடை நடுங்கியது. 100 போட்டிருந்தால் இரண்டாவது நாள் படுத்திருப்பேன்.

லவுரெத்தானா சாலையைப் பற்றி அண்ணா எழுதியது குறைவு. காலை 8 மணி, பள்ளத்திலெல்லாம் பனி நிரம்பி, குன்றுகளின் தலை மட்டும் தீவு தீவாக வெளியே இருந்தன. ஒரு மணி நேரத்தில் நாலு கார்தான் தாண்டியிருக்கும். தம்பி முன்னால் போனான், மேட்டில் ஏறும்போது தெரிவான், அப்புறம் பனிக்குள் மறைவான், செயின் சத்தம் மட்டும் கேட்கும். அவனோடு இவ்வளவு வருடம் ஓட்டியிருக்கிறேன், அவன் மிதிக்கிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டது அன்றுதான்.

மொந்தால்சீனோவுக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் தீர்ந்து, சின்னக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் நின்றோம். உள்ளே ஒரு பாட்டி பச்சை பிளாஸ்டிக் பூவாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வாசலிலேயே தயங்கினோம். அவர் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, முதலில் குழாயைக் கொஞ்சம் ஓட விட்டு, விரலால் தொட்டுப் பார்த்து, குளிர்ந்த தண்ணீர் வந்த பிறகு நிரப்பிக் கொடுத்தார். தம்பியின் பாட்டிலையும் அப்படியே. அவர் பேசியதில் ‘பியானோ, பியானோ’ மட்டும் புரிந்தது, மெதுவாக என்று அர்த்தமாம். தம்பி குனிந்து அவர் பூவாளியை நிரப்பி, அவர் காட்டிய கல்லறை வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்தான். கல்லில் ஒரு பழைய ஓவல் புகைப்படம், மீசைக்காரர்.

பாஞ்ஞோ விஞ்ஞோனியில் ஊர்ச் சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வெந்நீர்க் குளம். அதில் இறங்க விடமாட்டார்கள், ஆனால் அந்தத் தண்ணீர் வாய்க்காலாக ஓடிப் பழைய மாவு ஆலைகள் பக்கம் போகிறது. அங்கே ஷூவைக் கழற்றிக் காலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஏறுமுகம்:
படித்தேன். செப்டம்பரில் மறுபடி போகிறேன், இந்த முறை மனைவியையும் அழைத்துக்கொண்டு. அந்தக் கல்லறைத் தோட்டம் எந்தச் சாலையில், புவோன்கொன்வேந்தோவிலிருந்து ஏறும் வழியா?

ஒற்றைச்செயின்:
ஆமாம், அந்த வழிதான். ஊருக்கு முந்தைய நீண்ட ஏற்றத்தில் இடது பக்கம், சைப்ரஸ் வரிசை தெரியும். இரும்புக் கேட், தள்ளினால் திறக்கும். திரும்ப வரும்போது சாத்திவிட்டு வாருங்கள்.